குளச்சலிலிருந்து தக்கலைக்கு சர்வரை மாற்றிய பிறகு நெட் வருகிறது, டேலி வரவில்லை

வணக்கம். வலையும் கயிறும் விற்கிற சிறிய நிறுவனம் எங்களுடையது. குளச்சலில் கடல் பக்கம் இருந்த அலுவலகத்தைத் தக்கலைக்கு மாற்றியிருக்கிறோம். ஒரு சர்வர், பத்துப் பன்னிரண்டு கணினி, அவற்றை இணைக்கும் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், பழைய ரவுட்டர். இங்கே புதிதாக ஃபைபர் இணைப்பு எடுத்தோம்.

காலையில் போட்டால் சில கணினிகளில் கணக்கு மென்பொருளான டேலி திறக்கிறது, சிலவற்றில் இல்லை. திறக்காத கணினியிலும் பிரவுசர் நன்றாக ஓடுகிறது. அணைத்துப் போட்டால் அது சரியாகி, பக்கத்துக் கணினி போய்விடுகிறது. சர்வருக்கு 192.168.1.10 என்று நிலையான ஐபி (நெட்வொர்க் முகவரி). அதை யாரும் தொடவில்லை. வண்டியில் வரும்போது சர்வர் அடிபட்டிருக்கும், புதிது வாங்கிவிடலாம் என்கிறார் முதலாளி. ஜிஎஸ்டி தாக்கல் நெருங்குகிறது. வழி சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து பதில்:

சர்வர் வாங்க அவசரப்பட வேண்டாம் அண்ணா. நெட் வந்து டேலி மட்டும் வரவில்லை என்றால், அந்தக் கணினி வேறொரு நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டேலி திறக்கும் கணினி ஒன்று, திறக்காதது ஒன்று, இரண்டிலும் கமாண்ட் விண்டோவில் ஐபிகான்ஃபிக் ஆல் (ipconfig /all) கொடுத்து, ‘டிஹெச்சிபி சர்வர்’ (DHCP Server) என்கிற வரியைப் பாருங்கள். அந்தக் கணினிக்கு ஐபி கொடுத்த பெட்டியின் எண் அது. இரண்டிலும் ஒரே எண்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், ஃபைபர்காரர் வைத்த பெட்டியிலிருந்து வரும் வயர் எங்கே செருகியிருக்கிறது?

கேட்டவர்:

பார்த்தேன். ஒன்றில் 192.168.1.1, இன்னொன்றில் 192.168.100.1. ஃபைபர் பெட்டி வயரை நேரே சுவிட்சில் போட்டிருக்கிறார்கள். பழைய ரவுட்டரும் அதே சுவிட்சில்தான்.

நாகர்கோவிலிலிருந்து பதில்:

அதுதான் கோளாறு. ஃபைபர் பெட்டியும் ஒரு ரவுட்டர்தான், அதுவும் ஐபி கொடுக்கும். கணினி எழும்போது யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் தரும் ஐபியை எடுத்துக்கொள்ளும். 192.168.100 வரிசையில் விழுந்த கணினிக்கு நெட் கிடைக்கும், சர்வர் கண்ணில் படாது. சுவிட்சிலிருந்து அந்த வயரைப் பிடுங்கி, பழைய ரவுட்டரின் வேன் (WAN) போர்ட்டில், அதாவது இணையம் உள்ளே வரும் துளையில் செருகுங்கள். ரவுட்டரிலிருந்து சுவிட்சுக்குப் போவது லேன் (LAN) போர்ட்டிலிருந்துதான், அதாவது அலுவலகக் கணினிகளுக்கான துளையிலிருந்துதான் போக வேண்டும். பிறகு எல்லாக் கணினியையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சர்வரில் கைவைக்கவே வேண்டாம்.

கேட்டவர்:

எல்லாவற்றிலும் டேலி திறந்துவிட்டது! பெரிய உதவி. இன்னொன்று: சர்வரைப் போடும்போது சில நாள் பீப் பீப் என்று கத்தி நின்றுவிடுகிறது. அதில் இருப்பது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2.

மார்த்தாண்டத்திலிருந்து பதில்:

குளச்சல் உப்புக்காற்றில் இருந்த மெஷின் அல்லவா, முதலில் ராமை (RAM, மெமரி அட்டை) கழற்றிப் பாருங்கள். தங்க நிறப் பற்களில் பச்சையோ கறுப்போ படிந்திருக்கும். ரப்பர் போட்டுத் தேய்க்க வேண்டாம். பூச்சு தேயும், துகள் ஸ்லாட்டில் விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுபோகாத துணியில் நனைத்து மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். பச்சை ஆழமாக அரித்திருந்தால் ராமை மாற்றத்தான் வேண்டும்.

புது சர்வர் வேண்டும்தான், அதில் முதலாளி சொல்வது சரி. 2012 ஆர்2-வுக்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2023 அக்டோபர் 10-ஓடு நின்றுவிட்டது. ஆனால் தாக்கல் முடியட்டும். இடம் மாற்றிய சூட்டிலேயே சர்வரையும் மாற்றினால், எது எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது.

மாற்றும் நாளில் டேலி டேட்டாவை வெளி டிஸ்கில் எடுத்து, வேறு கணினியில் திறந்து கடைசி வவுச்சர் (கணக்குப் பதிவு) இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மெஷினில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். புதியதற்கும் அதே 192.168.1.10 கொடுங்கள், பழையதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிய பிறகு.

கேட்டவர்:

ராமில் பச்சை இருந்தது, துடைத்தாயிற்று. இன்று பீப் இல்லாமல் ஏறியது. சர்வர் வாங்குவதைத் தாக்கல் முடிந்து பார்க்கலாம் என்று முதலாளியும் ஒத்துக்கொண்டார். இருவருக்கும் நன்றி.