மேடையில் மொழிபெயர்க்கும்போது எதுவரை மாற்றலாம்?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் சேலம் கோட்டை மைதானத்தில் ஒரு கட்சிப் பொதுக்கூட்டம், டெல்லியிலிருந்து வரும் தலைவர் இந்தியில் பேசப் பேச நான் தமிழில் சொல்ல வேண்டும். மாவட்டப் பொறுப்பாளர் அண்ணன், "அப்படியே சொன்னா கூட்டம் கலைஞ்சிடும் தம்பி, கொஞ்சம் ஏத்திச் சொல்லு" என்கிறார். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஏற்காட்டில் ஒரு கூட்டத்தில், மலைப்பாதையை அகலப்படுத்துவது பற்றிப் பேசிப் பார்க்கிறேன் என்று தலைவர் சொன்னதை, மொழிபெயர்த்தவர் "அகலப்படுத்தியே தீருவோம்" என்று முழங்க, விசில் பறந்தது. என்ன வாக்கு கொடுத்தோம் என்று அந்தத் தலைவருக்கே தெரியாது! வாக்குறுதி, புள்ளிவிவரம், வசவு மூன்றிலும் கை வைக்கக் கூடாது.

சிக்கல் இதுதான்: டெல்லித் தலைவர் நடுநடுவே உருது ஈரடிக் கவிதை சொல்வார், நேர்ப்பொருள் சொன்னால் சப்பென்று ஆகிவிடும். அந்த இடத்தில் பொருத்தமான குறளை வைக்கலாமா, இல்லை அது அவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பதா? அப்புறம், மூச்சு விடாமல் பேசினால் எப்படி நிறுத்துவது? நாஜித் தலைவர்கள் மீது 1945இல் தொடங்கிய நியூரம்பர்க் விசாரணையில், மொழிபெயர்ப்பவர்களுக்காக வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் பேசுபவருக்கு மஞ்சள் விளக்கு காட்டினார்கள். நம் மேடையில் என்ன செய்வீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.