ஓப்பன் ஹவுஸில் என்ன கேட்பது? தாதிமையா, பயோமெடிக்கலா என்று மகளுக்குக் குழப்பம்

ஈசூன் அம்மா:
மகள் ஓ லெவல் (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதிவிட்டாள். ஜனவரியில் இங்கே சிங்கப்பூரில் பாலிடெக்னிக்குகள் நடத்தும் ஓப்பன் ஹவுஸுக்கு (படிப்புகளை நேரில் பார்த்துக் கேட்டறியும் நாள்) கூட்டிப் போகிறேன். தாதிமையா (நர்சிங்), பயோமெடிக்கல் சயன்ஸா என்று இன்னும் முடிவாகவில்லை. தாதிமை நன்யாங், நீ ஆன் பாலிடெக்னிக்குகளில்தான் இருக்கிறது என்பதால் அந்த இரண்டுக்கும் போவோம். போன வருஷம் அண்ணன் மகனோடு போனபோது எல்லாரும் கட்-ஆஃப் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்றே கேட்டார்கள். கையேட்டில் இருப்பதுதான் பதிலாக வந்தது. உருப்படியாக என்ன கேட்கலாம்?

வார்டு வாணி:
அக்கா, நான் தாதிமை டிப்ளோமா முடித்து வார்டில் வேலை செய்கிறேன். படிக்கும்போது ஓப்பன் ஹவுஸ் மேசையில் நின்று பதில் சொன்னவளும்தான். கட்-ஆஃப் இணையத்திலேயே இருக்கிறது, அதற்கு வரிசையில் நிற்க வேண்டாம்.

மேசையில் மாணவர்களும் இருப்பார்கள், விரிவுரையாளர்களும் இருப்பார்கள். மாணவரிடம், "போன வாரம் உங்களுக்கு எப்படிப் போனது? எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். இதற்கு யாரும் பதில் தயாரித்து வைத்திருக்க மாட்டார்கள், உள்ளது உள்ளபடி வரும். தாதிமை என்றால் மருத்துவமனைப் பயிற்சி பற்றித் துருவிக் கேட்க வேண்டும். முதல் பயிற்சி எப்போது? எந்த மருத்துவமனை என்று நாமே தேர்ந்தெடுக்க முடியுமா? நோயாளியைக் குளிப்பாட்டிய முதல் நாள் எப்படி இருந்தது? வடக்கே ஈசூனிலிருந்து தெற்கே ஊட்ரமில் இருக்கும் மருத்துவமனைக்குக் காலை ஷிஃப்ட் போட்டால் விடியுமுன் கிளம்ப வேண்டும். அது அவளுக்கு இப்போதே தெரிவது நல்லது.

பயோமெடிக்கல் விரிவுரையாளரிடம், போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், ஆய்வகத்திலா, பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பில் என்று கேளுங்கள். டாக்டர் ஆகும் வழி என்று நினைத்து அதில் சேர்பவர்கள் நிறைய. பாலிடெக்னிக்கிலிருந்து மருத்துவத்துக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. தாதிமை முடித்தால் தாதிமை வாரியத்தில் பதிந்து நேராக வேலைக்குப் போகலாம், அப்புறம் என்யுஎஸ், எஸ்ஐடி போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டமும் படிக்கலாம்.

சிவா அப்பா:
தாதிமைக்கு உபகாரச் சம்பளம் தருகிறார்கள். வாங்கினால் எத்தனை வருஷ ஒப்பந்தம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். ஓ லெவல் முடிவு வந்த பிறகு விண்ணப்பத்தில் 12 படிப்பு விருப்பங்களை வரிசைப்படுத்தச் சில நாள்தான் கிடைக்கும், அதனால் பதில்களை அன்றைக்கே எழுதி வையுங்கள். கேள்வியைப் பிள்ளையே கேட்கட்டும். என் மகன் கேட்டபோதுதான் அந்த மாணவர்கள் மனம் விட்டுப் பேசினார்கள்.

ஈசூன் அம்மா:
இருவருக்கும் மிக்க நன்றி. வாணி, அவளுக்கு ரத்தம் பார்த்தால் தலை சுற்றும். அதை அங்கே கேட்கலாமா?

வார்டு வாணி:
கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள் அக்கா. என்னோடு படித்தவர்களிலும் அப்படி இருந்தார்கள், பழகிப் போனவர்களும் உண்டு, துறை மாறியவர்களும் உண்டு. எப்படிப் பழக்குகிறார்கள், முடியாவிட்டால் முதல் வருஷத்திலேயே வேறு துறைக்கு மாறலாமா என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். மேசைப் பக்கம் கூட்டமாக இருக்கும். பொம்மை நோயாளிகள் இருக்கும் பயிற்சி வார்டைச் சுற்றிக் காட்டினால், அங்கே இருக்கும் விரிவுரையாளரிடம் கேளுங்கள், நின்று பேசுவார்.