ஜாக் ஹின்சன் செய்தது பழிவாங்கலா, கொலையா?

கரிசல்காரன்: அமெரிக்க உள்நாட்டுப் போர். டென்னசியில் ஸ்டூவர்ட் கவுண்டி விவசாயி ஜாக் ஹின்சன். 1862இல் வேட்டைக்குப் போன அவருடைய இரண்டு மகன்களை, கெரில்லாக்கள் என்று சொல்லி வடக்குப் படை (ஒன்றிய அரசின் படை) சுட்டது. தலைகளை வெட்டி அவர் வீட்டு வாசல் தூண்களில் வைத்தது. அதன்பிறகு அவர் துப்பாக்கி தூக்கியதைக் கொலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொன்னி: சுட உத்தரவு போட்ட லெப்டினன்டோடும் தலைகளை வைத்தவனோடும் நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் இருப்பேன். துப்பாக்கிக் குழலில், சுட்ட ஆளுக்கு ஒன்றாக 36 குறிகள் இருக்கின்றனவே! எதிர்நீரோட்டத்தில் வடக்குப் படையின் படகு திணறி மெதுவாகும் இடமாகப் பார்த்துக் கரைமேட்டில் உட்கார்ந்து, மேல்தளத்தில் நின்ற அதிகாரிகளைச் சுட்டார். அதில் எத்தனை பேருக்கு அந்தப் பையன்களைத் தெரியும்?

கரிசல்காரன்: சீருடை போட்டுப் போருக்கு வந்தவர்கள், கல்யாணத்துக்கு இல்லை. மனிதர் முதலில் எந்தப் பக்கமும் சேரவில்லை. தெற்கின் டொனல்சன் கோட்டையைப் பிடித்த வடக்கு ஜெனரல் கிராண்டே அவருக்குப் பழக்கம். அப்படிப்பட்டவரின் வீட்டையும் எரித்தார்கள். தப்பி ஓடியபோது சின்னப் பிள்ளைகள் இரண்டு தட்டம்மையில் போயின.

செக்‌ஷன் சாமி: ஆத்திரத்தில் செய்தார் என்ற வாதம் எடுபடாது சார். ஆர்டர் கொடுத்துச் செய்த துப்பாக்கி அது. 41 அங்குலக் குழல், எடை ஏறக்குறைய 8 கிலோ. அது கைக்கு வரும்வரை யோசிக்க நேரம் இருந்தது. 1863இல் வடக்குப் படைக்கு வந்த போர் விதிகளான லீபர் விதிகளின் 82ஆம் பிரிவுப்படி, படையில் சேராமல் சுட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவன் போர்க்கைதி இல்லை, வழிப்பறிக்காரன். அதற்காகத் தலையை வெட்டச் சொல்லி எந்தப் பிரிவும் இல்லை, அதுவும் சரி.

பொன்னி: அப்புறம், அவர் அடிமைகளை வைத்திருந்த பண்ணையார். 1864 நவம்பரில் வடக்குப் படையின் சரக்குக் கிடங்கு இருந்த ஜான்சன்வில்லைத் தாக்க, தெற்கு ஜெனரல் ஃபாரஸ்டின் படைக்கு வழிகாட்டியவர். அந்த ஃபாரஸ்ட் போருக்கு முன்பு அடிமை வியாபாரி. அதே ஆண்டு ஏப்ரலில் ஃபோர்ட் பில்லோ கோட்டையில், சரணடைய வந்த வடக்குப் படையின் கறுப்பினச் சிப்பாய்களைக் கொன்று குவித்ததும் அவர் படைதான். இதையும் மகன்கள் கணக்கில் எழுதுவதா?

கரிசல்காரன்: ஃபாரஸ்டுக்காக நான் வாதாட வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த லெப்டினன்ட் மேல் புகார் கொடுக்க அவர் யாரிடம் போவார்? அதே படையிடமா?

பொன்னி: கிராண்ட் பழக்கம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?