எந்த வாய்ஸ் பேங்க் வாங்கலாம்? கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்
வணக்கம் நண்பர்களே. மெட்டு, இசை எல்லாம் நானே போட்டுவிடுகிறேன், பாடத்தான் ஆள் இல்லை. அதனால் ஒரு மெய்நிகர் பாடகரின் வாய்ஸ் பேங்க் (வரியும் மெட்டும் கொடுத்தால் கணினியில் பாடுகிற குரல் தொகுப்பு) வாங்கலாம் என்று பார்க்கிறேன். ஒன்றுதான் வாங்க முடியும், அதுதான் சிக்கல்.

வரிகள் ஆங்கிலம், மெதுவான பாட்டு, பெண் குரல். வோக்கலாய்டு என்ற பாடவைக்கும் மென்பொருளுக்கு 2007-ல் வந்த ஹட்சுனே மிகு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் வேகமான பாட்டில் துள்ளுகிற அந்தக் குரல் மெதுவாக இழுத்துப் பாடும்போது எழுத்துக்கு எழுத்து ஒட்டுப்போட்டது தெரிகிறது. பதிவு செய்த ஒலித்துண்டுகளைக் கோத்துப் பாடவைக்கிற பழைய வோக்கலாய்டு முறையில் அது இருக்கத்தான் செய்யும். சிந்தசைசர் வி என்ற இன்னொரு மென்பொருளுக்கு வந்த சோலாரியா என்ற குரலின் டெமோவையும் கேட்டேன், வரிக்கு நடுவே மூச்சு வாங்குவதுகூட அசல் மனுஷி மாதிரியே இருக்கிறது. எனக்கு அவ்வளவு இயல்பு வேண்டுமா என்பதுதான் சந்தேகம், கொஞ்சம் பொம்மைத்தனம் இருந்தால்தானே இந்த வகைப் பாட்டுக்கே அழகு!

சோலாரியா வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: அது தானாகப் போடும் சுருதி வளைவுகளை (குரல் ஏறி இறங்குவதைக் காட்டும் கோடுகளை) நிறுத்திவிட்டு, கையாலேயே வரைந்தால் குரல் எப்படி வருகிறது? மேல் ஸ்தாயியில் மென்மையாகப் பாடவைத்தால் மெலிந்துவிடுகிறதா?

அப்புறம், ஓப்பன்உட்டா என்ற இலவசப் பாடவைக்கும் மென்பொருளில் பழகிவிட்டு வாங்கு என்கிறார்கள். சரிதான், ஆனால் அதில் ஒவ்வொரு குரலுக்கும் அதை உருவாக்கியவர் வைத்த விதிமுறை வேறு. பாட்டை விற்கவும் அனுமதிக்கிற, ஆங்கிலம் ஒழுங்காக வருகிற குரல் ஏதாவது தெரிந்தால் பெயர் போடுங்கள்.