ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை வடித்தெடுத்த பிறகு, எத்தனை நாள் தாங்கியது?

தொடங்கியவர், டோர்ட்முண்ட்:

எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ். மாலையானால் இமை சரியும், பாதிச் சோறு மென்றதும் தாடை ஓய்ந்துபோகும். நரம்பின் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தில் அசிடைல்கோலின் ஏற்பிகள் இருக்கின்றன. என் உடலே உண்டாக்கும் ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்பொருள்கள், அவற்றைச் சிதைக்கின்றன. குளிர்காலத்தில் ஒரு சளிக்காய்ச்சலுக்குப் பிறகு, குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பி வந்தது. அன்றிரவே ஐசியூவில் சேர்த்தார்கள்.

எனக்குச் செய்தது இம்யூனோஅட்சார்ப்ஷன். கழுத்துச் சிரையில் இரட்டைக் குழாய் வைத்தார்கள். ரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது, அங்கே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா தனியே பிரிகிறது. அந்தப் பிளாஸ்மா மட்டும் ஒரு உருளைக்குள் இறங்குகிறது. உள்ளே டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் ஏற்றிய நுண்மணிகள். எதிர்ப்பொருள்கள் மணிகளில் ஒட்டிக்கொள்ள, மீதிப் பிளாஸ்மா எனக்கே திரும்பி வருகிறது. ஒரு முறைக்கு இரண்டு லிட்டர் அளவுதான். அதற்கு மேல் அந்த மணிகளுக்குப் பிடிக்கும் திறன் இல்லை என்றார்கள்.

ராமிப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறேனா என்று மூன்று பேர் தனித்தனியே வந்து கேட்டார்கள். பிளாஸ்மா அந்த மணிகளில் படும்போது, ரத்தக் குழாய்களை விரிக்கும் பிராடிகினின் என்ற பொருள் உண்டாகுமாம். மாத்திரை அதைச் சிதைய விடாமல் தடுத்தால் ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்துவிடும். நான் அந்த மாத்திரை எடுப்பவள் அல்ல. எடுப்பவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டு முறையும் ஒன்றும் தெரியவில்லை, மனம் விட்டுப்போனது. மூன்றாவது முறைக்கு மறுநாள் காலை ஒரு கரண்டி தயிரை இருமாமல் விழுங்கினேன். தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இங்கே எழுதுகிறவர்கள், பலன் எத்தனை நாள் தாங்கியது என்பதையும் எழுதுங்கள். எனக்குத் தெரியவேண்டியது அதுதான்.

திருநெல்வேலியிலிருந்து:

அக்கா, என் தம்பிக்கு வந்தது ஜிபிஎஸ் என்னும் கில்லன் பாரே, உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் நோய். வயிற்றுப்போக்கு வந்து போய்ப் பத்து நாள் கழித்து, மாடிப்படி இறங்கும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். நான்கே நாளில் கை டம்ளரைப் பிடிக்கவில்லை. 2025 ஜனவரியில் புனேயில் பலருக்கு வந்து செய்தியில் அடிபட்டதே, அதே நோய்தான்.

ஐவிஐஜி, அதாவது கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்களைச் சிரை வழியே ஏற்றும் ஊசி என்றால் எடையில் ஒரு கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள். 70 கிலோ எடை உள்ளவனுக்கு மொத்தம் 140 கிராம். விலையைக் கேட்டு அப்பா சுவரில் சாய்ந்துவிட்டார். பிளாஸ்மா மாற்று சிகிச்சையும் அதே பலன் தரும், முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் நல்லது என்று மருத்துவர் சொன்னார். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக ஐந்து முறை நடந்தது. உங்களுக்குச் செய்ததுபோல் வடிகட்டித் திருப்பித் தருவது இல்லை. பிரித்த பிளாஸ்மாவை அப்படியே அகற்றிவிட்டு, அதற்கு ஈடாக அல்புமின் என்ற புரதக் கரைசலை ஏற்றினார்கள். அந்தப் பை நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தது.

உதடும் விரல் நுனியும் மரத்துக் குறுகுறுக்கிறது என்று தம்பி பயந்தான். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவதாம். கால்சியம் ஏற்றியதும் அடங்கியது.

சிகிச்சைக்கு நடுவே உறவினர் ஒருவர், கடன் வாங்கியாவது ஐவிஐஜியும் போடுங்கள் என்று நெருக்கினார். மருத்துவர் மறுத்துவிட்டார். அடுத்த முறை பிளாஸ்மாவை அகற்றும்போது ஊசி மருந்தும் பையோடு போய்விடுமாம்.

எத்தனை நாள் தாங்கியது என்று கேட்டீர்கள். பெரும்பாலும் இது ஒரே முறை தாக்கிவிட்டு ஓயும் நோய். தம்பிக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் நரம்பு தேறி அவன் சைக்கிள் மிதிக்க எட்டு மாதம் ஆனது.

கோவையிலிருந்து:

என் அம்மாவுக்கும் மயஸ்தீனியா. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதவேண்டும். மாத்திரை போதவில்லை என்று அம்மா சொல்ல, உடலின் நச்சையெல்லாம் உறிஞ்சி எடுக்கும் என்று விற்ற கரித்தூளை வாங்கி வந்து தினமும் காலையில் என் கையாலேயே கரைத்துக் கொடுத்தேன்.

கரி உறிஞ்சும் என்பது உண்மைதான். விஷம் குடித்தவருக்கு மருத்துவமனையிலேயே கொடுக்கிறார்கள். ஆனால் அது குடலில் இருப்பதைத்தான் பிடிக்கும். எதிர்ப்பொருள் இருப்பதோ ரத்தத்தில். கூடவே விழுங்கிய, தசைக்குத் தெம்பு தரும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையைக் கரி உள்ளே சேரவிடாமல் தடுத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. ஒன்பதாம் நாள் அம்மாவுக்கு மூச்சுத் திணறி, வென்டிலேட்டர் வைக்கவேண்டி வந்தது.

ஐந்து முறை பிளாஸ்மா மாற்றினார்கள். ஐந்து வாரம் தாங்கியது. பிறகு இமை மறுபடி சரிந்தது.

டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்ப்பவர், சென்னை:

ஐந்து வாரம், ஆறு வாரம் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ஐஜிஜி என்ற வகை எதிர்ப்பொருளில் பாதிக்கும் குறைவானதுதான் ரத்தக் குழாய்க்குள் இருக்கிறது, மீதி திசுக்களில். நாங்கள் ரத்தத்தைச் சுத்தம் செய்ததும் திசுவில் உள்ளது மெல்ல ரத்தத்துக்கு வரும். அதற்காகத்தான் ஒரு நாள் இடைவெளி விடுகிறோம். உற்பத்தியை இந்த இயந்திரம் நிறுத்துவதில்லை. அதற்கு ஸ்டீராய்டு, அசாதியோபிரின் போன்ற மருந்துகள் வேண்டும். அசாதியோபிரின் முழுதாக வேலை செய்யப் பல மாதம், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதுவரை தள்ளிக்கொண்டு போகத்தான் எங்கள் இயந்திரம்.

டோர்ட்முண்ட் சகோதரி, டிரிப்டோபான் உருளை, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும், ரத்தம் உறைவது குறையும். ஒவ்வொரு முறைக்கு முன்பும் அதன் அளவைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

தொடங்கியவர், டோர்ட்முண்ட்:

பார்த்தார்கள் அண்ணா. நான்காவது முறையை அதனால்தான் ஒரு நாள் தள்ளிவைத்தார்கள் என்று இப்போது புரிகிறது. எனக்கும் ஆறாவது வாரத்தில்தான் குரல் மூக்கால் வரத் தொடங்கியது. சிகிச்சை தோற்றுவிட்டது என்று நினைத்து இரண்டு இரவு தூங்கவில்லை. அசாதியோபிரின் தொடங்கி இது நான்காம் மாதம்.

கோவைத் தங்கையே, அம்மா இப்போது என்ன சாப்பிடுகிறார்? நான் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துச் சாப்பிட உட்காருகிறேன். அந்த நேரத்தில் தாடை நன்றாக ஒத்துழைக்கிறது. அம்மாவின் மருத்துவரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள்.