‘ஃபீல்ட் ஸ்ட்ரிப்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளின் பராமரிப்புக் கையேடுகளைத் தமிழாக்கும்போது இரண்டு சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன: ஃபீல்ட் ஸ்ட்ரிப் (சுத்தம் செய்வதற்காக முக்கியப் பாகங்களை மட்டும் கழற்றுவது), டீடெய்ல் ஸ்ட்ரிப் (சின்னஞ்சிறு பாகம்வரை எல்லாவற்றையும் கழற்றுவது). முதலாவதற்குக் ‘களப்பிரிப்பு’, அடுத்ததற்கு ‘நுண்பிரிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். களப்பிரிப்பு என்றால் அண்ணன் தம்பி வயலைப் பாகம் பிரிப்பதுபோல் இருக்கிறது. வேறு சொல் உண்டா?

> களப்பிரிப்பு

‘பிரிப்பு’ வேண்டாம். எந்திரத்தில் கை வைப்பவர்கள் ‘கழற்றிப் பூட்டுவது’ என்றுதான் சொல்வார்கள். கழற்றல் என்று வைத்தால் பூட்டல் என்ற இணையும் தானாகக் கிடைத்துவிடும். ஃபீல்ட் ஸ்ட்ரிப்புக்குக் கருவி தேவையில்லை, வெறுங்கை போதும். ஆகவே கைக்கழற்றல், கருவிக்கழற்றல் என் முன்மொழிவு.

> கைக்கழற்றல்

கழற்றல் சரி, ‘கை’ சரியில்லை. அமெரிக்கப் படை 1911இல் ஏற்ற .45 கோல்ட் கைத்துப்பாக்கி இந்த இலக்கணத்தை உடைத்துவிடும். பிடிப்பலகைத் திருகுகளை விட்டுவிட்டால், அதைக் கடைசி ஊசிவரை அதன் பாகங்களைக் கொண்டே கழற்றலாம். சுத்தியலோடு தொங்கும் சிறு தண்டின் முனையால் பின்பக்க வில்கூட்டின் ஊசியைத் தள்ளிவிடலாம். அதே முனையால் சுடுஊசியை உள்ளே அழுத்தி, அதன் தடுப்புத் தகட்டையும் இறக்கலாம். ஆனாலும் விசைப் பகுதியை வீரர் கழற்றக் கூடாது என்றே கையேடுகள் சொல்கின்றன.

காரணம் மூன்று விரல் பட்டைவில். அதன் இடது விரல் சியரை (சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) அழுத்துகிறது, நடு விரல் டிஸ்கனெக்டரை (விசையையும் சியரையும் இணைத்துத் துண்டிக்கும் பாகம்), வலது விரல் பிடிக்காப்பை (கைப்பிடியை இறுகப் பிடித்தால்தான் சுட விடும் காப்பு). இடது விரல் தளர்ந்தால் ஸ்லைடு (குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) மூடும்போது சுத்தியலும் கூடவே விழும். நடு விரல் தளர்ந்தால் டிஸ்கனெக்டர் மேலே வராது, விசை செத்துவிடும். பூட்டும்போது விரல்கள் தத்தம் இடத்தில் உட்காராவிட்டாலும் இதே கோளாறுகள்தான். ஊசிகளை அடிக்கடி தட்டி எடுத்தால் துளைகளும் தேயும்.

குழல் கதை நேர்மாறு. அந்தக்காலத் தோட்டாக்களின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். எனவே சுட்ட அன்றே கழற்றியாக வேண்டும். ஒன்று அடிக்கடி செய்ய வேண்டிய வேலை, மற்றது அடிக்கடி செய்யக் கூடாத வேலை. கருவி உண்டா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை.

> ஒன்று அடிக்கடி செய்ய வேண்டிய வேலை

அப்படியானால் ரஷ்யக் கையேடுகளைப் பின்பற்றலாமே? அவற்றில் ‘முழுமையற்ற கழற்றல்’, ‘முழுக் கழற்றல்’ என்றுதான் இருக்கிறது. குறைக்கழற்றல், முழுக்கழற்றல்.

> குறைக்கழற்றல்

‘குறை’ என்றதும் வேலையை அரைகுறையாக விட்டதுபோல் கேட்கிறது. அளவை வைத்துப் பெயரிட்டால் வேறொரு சிக்கலும் வரும். டோக்கரேவ் டிடி-33இல் சுத்தியலும் சியரும் ஒரே கட்டாக இருக்கின்றன. ஸ்லைடை எடுத்ததும் வீரரே அந்தக் கட்டைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார். கோல்ட்டில் அதே பாகங்கள் துப்பாக்கி பழுதுபார்க்கும் கம்மியரின் எல்லை. எவ்வளவு கழன்றது என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், யார் கழற்றலாம் என்பதுதான் எல்லாக் கையேட்டுக்கும் பொது.

‘கள’ என்ற முன்னொட்டிலும் ஒரு கண்ணி உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கக் கையேடுகளில் ‘ஃபீல்ட் மெயின்டனன்ஸ்’ என்றால் 3ஆம், 4ஆம் நிலைப் பழுதுபார்ப்பு, அதாவது படைக்கலத் துறையின் பட்டறை வேலை. வீரரின் வேலை 1ஆம் நிலை. இரண்டுக்கும் ‘கள’ போட்டால், பட்டறைக்கு அனுப்ப வேண்டியதை வீரரே கழற்றி உட்கார்ந்திருப்பார்.

என் தேர்வு: வீரர் கழற்றல், கம்மியர் கழற்றல். ஆர்மரரைப் படைக்கலக் கம்மியர் என்றால் எல்லாருக்கும் புரியும். ஸ்லைடு, சியர், மேகசின் அப்படியே இருக்கட்டும், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம்.

> வீரர் கழற்றல், கம்மியர் கழற்றல்

ஏற்கிறேன். கோல்ட் பகுதியை இப்படித் திருத்தியிருக்கிறேன், பாருங்கள்:

“வீரர் கழற்றல். மேகசினை எடுக்கவும். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து அறை காலி என்று கண்ணால் பார்க்கவும். குழல்முனைப் புஷ்ஷைக் கால் சுற்றுத் திருப்பவும்; அப்போது அதன் கீழுள்ள வில்மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளவும். மூடியை மெல்ல வெளியே விடவும். ஸ்லைடின் சிறிய பிறைவெட்டு, ஸ்லைடு நிறுத்தியின் காதுக்கு நேரே வரும்வரை இழுத்து, நிறுத்தியின் ஊசியை வலப்பக்கமிருந்து தள்ளவும். பூட்டும்போது நிறுத்தியை வளைவாகத் தேய்த்து ஏற்ற வேண்டாம். சட்டத்தில் பிறைபோல் கீறல் விழும்.”

> திருப்பவும், அப்போது... அழுத்திக்கொள்ளவும்

இந்த வரிசை ஆபத்து. படிப்பவர் ‘திருப்பவும்’ வரை படித்ததும் திருப்பிவிடுவார். அந்த வில் அழுத்தத்தில் இருக்கிறது, மூடி முகத்துக்குப் பாயும். “வில்மூடியைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தி, அழுத்தியபடியே புஷ்ஷைக் கால் சுற்றுத் திருப்பவும்” என்று மாற்றுங்கள்.