புதுப்பிப்பு: நாலு பக்க ரெஸ்யூம் ஒரு பக்கம் ஆயிற்று

மக்கா, போன மாதம் என் நாலு பக்க ரெஸ்யூமை இங்கே போட்டு, ஏன் ஒருத்தரும் கூப்பிடவில்லை என்று புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. நீங்கள் சொன்னபடி அப்பா பெயர், மதம், திருமண நிலை, கடைசியில் வரும் ‘மேற்கண்டவை உண்மை’ உறுதிமொழி எல்லாவற்றையும் தூக்கினேன். ‘டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) தெரியும்’ என்ற ஒரு வரியைத்தான் மூன்று நாள் மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் ‘பாளையங்கோட்டையில் மொத்த மளிகைக் கடைக்கு 2 வருடம் டேலியில் கணக்கு, மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல்’ (இரண்டும் ஜிஎஸ்டி வரிக் கணக்குப் படிவங்கள்) என்று வந்து நின்றது. பிடிஎஃப் ஆக்கும்போதுதான் பார்க்கிறேன், போன் நம்பரில் ஒரு இலக்கம் தப்பு! ஆறு மாதமாக என் அழைப்பெல்லாம் யாருக்குப் போனதோ, பாவம். சரி, நேற்று கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது, வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.